மகாவீரின் சத்துப் பொடி

முட்டை தொடாதவனுக்கும் தசை ஏறும். சோற்றைப் பாதியாக்கி, பயறையும் பாலையும் கூட்டி, பொறுமையாக எடை தூக்கினால் போதும். ஆரணியில் பத்து வருடமாக இதைச் சொல்லி வருகிறேன். கேட்டவன் மகாவீர் ஒருவன்தான்.

விசைத்தறிக் கூடத்துக்கு மேல்மாடியில் என் ஜிம். வருகிறவர்கள் கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் வந்துவிட்டுப் போகிறவர்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே படுத்துவிடுவேன்.

மகாவீர் ஜைன வீட்டுப் பையன், பள்ளிக்கூட வாத்தியார். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டான். அதனால் சீக்கிரமே வந்து பயிற்சி முடித்து, நான் அரைத்து வைத்த பொட்டுக்கடலைப் பொடியைப் பாலில் கலக்கிக் குடிப்பான். பிறகு இருட்டும்வரை என்னோடு பேசிக்கொண்டிருப்பான். ஐந்தாவது மாதம் கொழுப்பு இறங்கித் தோள் விரிந்தது.

"நீங்க கத்துக்குடுத்ததே போதும்ணா. இனிமே வீட்லயே பண்ணிக்கிறேன்."

"இன்னும் ஒரு மாசம் இருடா" என்றேன்.

அந்த வாரத்திலிருந்து பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையையும் சேர்த்து அரைத்தேன். தசை ஏற்றுகிற வகை அல்ல, ஆஸ்துமாவுக்குக் கொடுக்கிற வகை. முகம் உப்பும், தொப்பை போடும், தசை வற்றும். அவனைக் கெடுக்க அல்ல, தங்கவைக்கத்தான். ஆறு மாதம் தங்கினான். "எங்கண்ணா தப்பு பண்றேன்?" என்று ஒருநாள் அழுதான். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அந்த நாட்களில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அப்போது அவர்களுடைய தசலட்சண நோன்பு வந்தது. பத்து நாளும் தண்ணீர் மட்டும் என்று விரதம் எடுத்தான். பொடி நின்றது. அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று எனக்குத் தெரியும். தடுத்தால் காரணம் கேட்பான். நாலாம் நாள் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரிக்கு நானும் ஓடினேன்.

"மாத்திரை ஏதாவது எடுத்துகினு இருந்தாரா?" என்று டாக்டர் கேட்டார்.

அவன் அம்மா கனகவதி என்னைக் காட்டினார். "எம்புள்ள இன்னா சாப்புடறான்னு இவருக்குத்தாங்க தெரியும்."

"இல்லீங்க டாக்டர். வெறும் சத்துப் பொடிதான்."

மறுநாள் காலையில் போய்விட்டான். பட்டினிதான் கொன்றது என்று ஊர் பேசுகிறது. விரதத்தைத் தடுக்கவில்லையே என்று அந்த அம்மா தன்னையே திட்டிக்கொள்கிறார். வாரம் தவறாமல் போய் ஆறுதல் சொல்கிறேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள் ஐயா. அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். ஆனால் அப்புறம் என்னிடம் வந்திருக்கவே மாட்டான்.