ஆற்றுநீர் அறிக்கையில் விடுபட்ட கையொப்பம்

முப்பத்தோர் ஆண்டுகள் இம்மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தைத் தாங்கிய தூணே! கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைக் கண்ணாடித் தட்டில் கையும் களவுமாகப் பிடித்த எங்கள் அகனீசி அம்மையாரே! மாலை சூட்டுமுன் கேட்கிறோம்: ஆற்றுநீர் அறிக்கையில் கையொப்பமிடுங்கள்!

"போற நேரத்துல என்னை இழுக்காத, வசிதி. வழியனுப்பு விழாவுல மட்டும் வாயைத் திறந்துடாத" என்று நேற்றும் சொன்னீர்கள். எங்களில் இளையவளான வசிதி திறந்துவிட்டாள். நம் ஊர் முறைப்படி, பானம் கரைக்கும் யங்கோனா வேர்களின் கட்டு ஒன்றை உங்கள் பாயின் முன் வைத்துவிட்டே கேட்கிறாள். கைதட்டி அதை எடுத்துக்கொண்டால், கேட்டதைத் தர இசைந்ததாகும்.

அஞ்சாத நெஞ்சும் ஆறாத அன்பும் வாய்த்த பெருந்தகையே! சளிக்கெல்லாம் கடும் மருந்து எழுதிய மருத்துவரிடம், "சளி ரெண்டு நாள்ல தானே போயிடும், டாக்டர். எழுதாம ரெண்டு நாள் நீங்க தாங்குவீங்களா?" என்று வார்டு நடுவே கேட்டவர் நீங்கள். மிஞ்சிய மருந்தைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிய தாதியிடம், "ஏம்மா, தொட்டிக்கா காய்ச்சல்?" என்றீர்கள். அவர் சிரித்தார். பிறகு ஒருபோதும் ஊற்றவில்லை.

ஆயினும் அம்மையாரே, நம் மருத்துவமனையின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் மோட்டார் பழுதான நாள்முதல், மருந்துகளுக்குத் தப்பிய கிருமிகள் நேரே ஆற்றில் கலக்கின்றன. அங்கே மூழ்கிச் சிப்பி எடுத்த வசிதியின் ஊர்ப்பெண் தோக்காசாவின் காலைச் சிப்பியின் ஓடு கிழித்தது. அந்தப் புண்ணின் கிருமியை வளர்த்து, தட்டில் ஆறு வகை மருந்துவில்லைகள் வைத்துப் பார்த்தீர்கள். எதற்கும் அது அடங்கவில்லை. "இவளுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணுமே இல்லடி" என்று தட்டை மூடி அழுதீர்கள். அவள் இறந்தபின், நம் கழிவுக்குழாயின் வாயில் எடுத்த நீரிலும் அதே கிருமியைக் கண்டோம். அதைச் சொல்லும் தாள் மூன்று மாதமாக உங்கள் இழுப்பறையில் கிடக்கிறது. "வெளிய போச்சுன்னா ஆய்வுக்கூடத்தையே மூடிடுவாங்கடி. அப்புறம் நோயாளிக்கு யார் தட்டு பார்ப்பா?" என்றீர்கள். உங்கள் அச்சம் உங்களுக்கானதன்று என்பதை அறிவோம். அதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது.

தோக்காசாவின் துக்கத்துக்காக ஊரார் அவள் மூழ்கிய ஆற்றுத்துறையில் கம்பு நட்டு, நூறு நாள் யாரையும் இறங்கவிடவில்லை. நாளை நூறாம் நாள். கம்பைப் பிடுங்கியதும், விருந்துக்குச் சிப்பி எடுக்க நாற்பது பெண்கள் இறங்குவார்கள். அவர்களில் ஒருத்தி வசிதியின் தாய். "நூறு நாள் ஆறு சும்மாதானே கிடந்துச்சு, தானா சுத்தமாயிருக்கும்" என்கிறார் மருத்துவமனை இயக்குநர். ஆறு சும்மா கிடந்தது, ஐயா; உங்கள் குழாய் சும்மா கிடக்கவில்லை!

எங்கள் அன்புக்குரியவரே! நோயின்றி, நொடியின்றி, பேரக்குழந்தைகள் சூழ நெடிது வாழ்க! எல்லாவற்றுக்கும் மேலாக, நிம்மதியான உறக்கம் உங்களுக்கு வாய்க்கட்டும்.

ஆய்வுக்கூடத் தலைவரின் ஒப்பமின்றி அறிக்கையை வெளியே கொடுப்பவருக்கு இங்கே வேலையில்லை. அது வசிதிக்குத் தெரியும். தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள் அவள். இந்த வேலையின் அருமை அவளுக்குத் தெரியாமலா? ஆயினும் அறிக்கையின் பிரதியில், உங்கள் கையொப்பம் விடுபட்ட இடத்தில், தன் பெயரை எழுதிவிட்டாள். கம்பைப் பிடுங்க வேண்டாம் என்று ஊராரிடம் சொல்ல நான்கு மணிப் பேருந்து இருக்கிறது. இம்மடலை உங்கள் மடியில் வைத்துவிட்டு, உணவுக்கு நில்லாமல், இதோ வெளியேறுகிறாள்.

கனத்த நெஞ்சுடன்,
ஆய்வுக்கூட ஊழியர்கள்