கடைசியிலிருந்து சொன்ன கதை

மாலை நாலு மணி. சிறைச்சாலையிலிருந்து ஊருக்குள் வரும் பன்னிரண்டு கிலோமீட்டர் சாலை. ஈ காக்கை இல்லை... வெயில் மட்டும். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

காரில் தனியாக வந்தவர் என் சிநேகிதனின் சித்தி. சிறையில் மனநல நிபுணர். கைதியின் மனசைத் துருவிப் பார்த்து, வெளியே விடலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை.

அன்று மதியம்தான் அவர் அறிக்கையின் பேரில் ஒருவன் விடுதலையானான். மனைவியைக் கொன்றவன். ஆத்திரத்தில் தள்ளினேன், தலையில் அடிபட்டு அந்த நிமிஷமே போய்விட்டாள், பயத்தில் புதைத்துவிட்டேன் என்று எட்டு வருடம் அழுதவன். சித்தி லேசில் நம்புகிற ஆளில்லை. "கடைசியிலேருந்து சொல்லு," என்றார். கதையை இட்டுக்கட்டியவன் தலைகீழாகச் சொல்லும்போது தடுமாறுவான். இவன் ஒரு சொல் பிசகவில்லை. நம்பிவிட்டார்... செத்தவளின் தங்கையே அவனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பாதி வழியில் காருக்குள் டிங்... டிங்... பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி. இருக்கையில் யாருமில்லை. ஆனால் மெத்தை அமுங்கியிருந்தது. ஈர மண் வாசனை.

"கடைசியிலேருந்து சொல்லட்டுமா, மேடம்?"

பெண் குரல்.

"இருட்டு... அதுக்கு முன்னாடி மண்ணு, வாயெல்லாம். அதுக்கு முன்னாடி எனக்கு மூச்சு இருந்துச்சு, அது அவருக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி கழுத்துல கை. அதுக்கு முன்னாடி ஒரு வாரம், தினம் சாயங்காலம், என்னை எதிர்ல உட்கார வெச்சு, எவனோ பொண்டாட்டியைத் தள்ளிவிட்ட கதையைத் தலைகீழா சொல்லிப் பழகினாரு. நான் விளையாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சேன், மேடம்."

மணி நின்றது.

சித்திக்குப் பத்தொன்பது வருட அனுபவம்... காதில் பூச்சுற்றிவிட்டுப் போய்விட்டானே! அவராவது பரவாயில்லை. கட்டியவனை நம்பி, தன் சாவுக்கான ஒத்திகைக்கே உட்கார்ந்திருக்கிறாள் அந்தப் பாவி மகள். வண்டியை ஓரங்கட்டி, செத்தவளின் தங்கைக்குப் போன் போட்டார்.

"அத்தான் அப்பவே வந்துட்டாரு, மேடம்." தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னை எதிர்ல உட்கார வெச்சு ஒரே கதை. எவளோ மாடிப்படியில உருண்டு விழுந்தாளாம்... அதைக் கடைசியிலேருந்து சொல்றாரு. எங்கேயாவது தடுக்குதான்னு நான் பார்த்துச் சொல்லணுமாம்."