சைனாவுல பொம்பளைக்கு அம்பது

மொதல்ல எனக்குத் துரோகம் பண்ணது தியோடர்தாங்க, எங்க பல்பு கம்பெனி யூனியன் செயலாளரு. ஸ்வல்பம் தள்ளி உக்காருங்க சார், மடியில மாலை இருக்கு, நசுங்கிடும். பஸ்ஸுல நீங்களும் சந்தாபுராதான? நானும் அங்கதான், கம்பெனி கேட்டுக்கு.

அவந்தாங்க டீ நேரத்துல பேப்பரப் படிச்சு சொன்னான். சைனாவுல ஆம்பளைக்கு அறுபதுல ரிட்டயர்மென்ட்டாம், மிஷின்ல நிக்கிற பொம்பளைக்கு அம்பதுலயே. இங்கிலாந்துல அவனுக்கு அறுபத்தஞ்சு, அவளுக்கு அறுபது. எங்க கம்பெனியில ரெண்டு பேருக்கும் அம்பத்தெட்டு. நான் மூணாங்கிளாஸுதான், ஆனா இது சட்டுனு ஏறிச்சு. என் சம்சாரம் முத்தம்மாவும் அங்கதான் பேக்கிங்ல. என்னவிட அஞ்சு வயசு சின்னவ. இங்கிலாந்து மாதிரி இங்கயும் பொம்பளைக்கு அஞ்சு வருஷம் கொறைச்சா ரெண்டு பேரும் ஒரே நாள்ல வெளிய வந்துடலாம். ரிட்டயர் ஆனா மாலை போட்டு, கம்பெனி ஜீப்புல மேளம் அடிச்சு வீட்டு வாசல்ல விடுவாங்க. ஒரே ஜீப்பு, ரெண்டு மாலை. இன்னொரு கல்யாணம் மாதிரி இல்ல?

மீட்டிங்ல எந்திரிச்சுக் கேளுண்ணே, நான் ஆமான்னு சொல்றேன்னான் தியோடர். கேட்டேன். அவன் ஃபேனப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டான். பேக்கிங் பாமா எந்திரிச்சு, ஏண்ணே, உனக்கு சுடுசோறு வேணும்னு நாங்க அஞ்சு வருஷ சம்பளத்த விடணுமான்னுது. ஷெட்டே சிரிச்சுது. சிரிங்க சார், நீங்களும் சிரிங்க. எல்லாரவிட பெருசா கைதட்டினது யாருன்றீங்க? எம் முத்தம்மா. இங்கிலாந்துல ஆம்பளைக்கு அறுபத்தஞ்சாமே, இவரு மிச்ச ஏழு வருஷத்த வீட்டு அடுப்புல பாக்கட்டும்னுட்டா.

அப்படித்தான் ஆச்சு. நான் ரிட்டயர் ஆகி, என்னைய ஜீப்புல கொண்டாந்து விட்டப்ப வீடு பூட்டு. அவ ஷிப்ட்ல, சாவி அவகிட்ட. மேளக்காரங்க பூட்டுக்கு அடிச்சுட்டுப் போனாங்க. அன்னிலேர்ந்து நான்தான் சமையல். பக்கத்து வீட்டு கன்னடக்காரம்மாவே என் சாம்பாரக் கேட்டு வாங்கிப் போறாங்கன்னா பாத்துக்குங்க.

இல்லீங்க, இது ரிட்டயர்மென்ட் மாலை இல்ல. அவ இன்னிக்குத்தான் ரிட்டயர் ஆகணும், அம்பத்தெட்டு முடியுது. நானும் ஜீப்புல ஏறிக்கலாம்னு சட்டை தேச்சு வச்சிருந்தேன். நேத்து வந்து சொல்றா, சூப்பர்வைசரா இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க, என்ன சொல்லட்டும்னு. அவ கேட்டு முடிக்கல, சரின்னு சொல்லுடின்னுட்டேன். சூப்பர்வைசரம்மாவுக்குப் போட நானே மார்க்கெட் போய் மாலையும் வாங்கிட்டேன். பைத்தியம்தான்.

ஆனா தியோடர விடமாட்டேன் சார். இன்னிக்கு அவளுக்குப் பாராட்டுக் கூட்டம், அதுலயும் அவந்தான் மைக் பிடிப்பானாம். என் கேள்விக்கு ஆமா சொல்றேன்னவன், இன்னும் சொல்லலையே.