நாற்பதாவது மாடி

“எம்பொண்ணு நாப்பதாவது மாடியில இல்லீங்கக்கா, கீழதான் இருக்கறாளாம்!” என்றார், வாழவந்திக்குப் போகும் மலைப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

முன்சீட்டில் காய்கறிக் கூடையோடு இருந்த அக்கா திரும்பினார். “என்ன தம்பி சொல்றீங்க? மெட்ராஸ்ல கட்டற கட்டடத்தையெல்லாம் போட்டோ எடுக்கறான்னீங்களே?”

“ஆமாங்க. சாயங்காலமானா போன்ல அனுப்புவா. ‘இன்னிக்கு நாப்பதாவது மாடிங்கப்பா’ம்பா. பாத்தா, கம்பி கட்டற ஆளுகளோட உச்சந்தலை தெரியும். உச்சந்தலை தெரியோணும்னா அதுக்கும் மேல ஏறித்தானே ஆவோணும்? ஆறு மாசமா எனக்குச் சோறே எறங்கலீங்க.”

“அப்பறம்?”

“நேத்து ஊட்டுக்கு வந்திருந்தா. ‘கண்ணு, அங்க புடிச்சு நிக்க என்ன இருக்குது’ன்னு கேட்டுப்போட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கறா. ட்ரோனாமுங்க, கேமரா மட்டும் பறந்து போய் எடுக்குதாம். இவ கீழ வாசல் கேட்டுப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கறாளாம்!”

“சேர்வராயன் சாமிதான் காப்பாத்துனாரு. இனியாச்சும் நல்லா சாப்புடுங்க.”

“காலையிலயே ஏழு இட்டிலிங்கக்கா.”

ஓர் எஸ்டேட் வாசலில் பஸ் நின்றது. அவர் இறங்கிப்போய், சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து வைத்திருந்த, மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஏணி பஸ்ஸைவிட நீளம்.

அக்கா ஜன்னல் வழியாக மரத்தின் உச்சியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“ஏந்தம்பி, அங்க புடிச்சு நிக்க என்ன இருக்குது?”

“மொளகுக் கொடிதானுங்கக்கா.”