சான்றுப் பொருளைக் குடித்துவிட்டார்கள்

என் பெயர் எவாரிஸ்தோ கத்தலான். வயது அறுபத்தொன்று. தகப்பனார் பாஸ்குவால், காலமாகிவிட்டார். மைப்போ பள்ளத்தாக்கின் மேல்கோடியில் சொந்த வீட்டில் மனைவியோடு வசித்து வருகிறேன். சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிப் பனியாறு வரை கூட்டிப்போய்க் காட்டுவது தொழில். எழுதப் படிக்கத் தெரியும். புகார் கொடுத்திருக்கும் ஒனோப்ரே என் தங்கை ரொசால்பாவின் கணவர். என் குதிரையை அவர் கழுதை என்று சொன்னதைத் தவிர, எங்களுக்குள் முன்விரோதம் எதுவும் கிடையாது.

என் அப்பா காலத்தில் குதிரையை விட்டு இறங்கினால் பனியில்தான் கால் படும். இப்போது இறங்கிக் கல்லிலும் சேற்றிலும் வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. போய்ச் சேர்ந்தால் பனி கரி மூட்டையைக் கொட்டியது போல் கிடக்கிறது. சென்ற கோடையில் வந்த பிரேசில்காரப் பெண்மணி ஒருவர், "பனியாறு எங்கய்யா?" என்று கேட்டார். அவர் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து இந்தத் தொழிலே கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்து வருகிறது.

அதன் பிறகு, பனியைக் குப்பியில் அள்ளிப்போக எங்கள் ஊருக்கு வரும் பல்கலைக்கழகப் பெண் தமாராவிடம் விசாரித்தேன். சாந்தியாகோ நகரத்து வண்டிப் புகையும் அடுப்புப் புகையும் காற்றோடு மலையேறி வந்து படிகின்றன, கறுத்த பனி வெயிலை இழுத்துச் சீக்கிரம் கரைகிறது என்றார். கால்பந்து ஆட்டம் நடக்கும் நாட்களில் ஊரே கறி சுடுவதால் புகை இன்னும் கூடுகிறது என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் அந்த நகரத்தில் குடியிருக்கும் மச்சான் ஒனோப்ரேவின் முகம்தான் என் கண்முன் வந்தது. தகரப் பீப்பாயை இரண்டாகப் பிளந்து செய்த கறியடுப்பு அவருடையது. ஆட்டம் தொடங்குமுன் பற்றவைப்பார். தோற்றாலும் அணைக்க மாட்டார்.

அதன் பிறகு, கோடை முடிவில் பனியாற்றின் ஓரத்தில் ஒரு பாளம் வெட்டி வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தேன். (இந்த இடத்தில் அதிகாரி, அங்கே பனி வெட்டுவது தனிக் குற்றம் என்று தெரிவித்தார். ஆகவே அந்தப் பாளம் தானாக உடைந்து என் கோணிக்குள் விழுந்தது என்று திருத்திச் சொல்கிறேன்.) மறுமுறை நான் போனபோது அந்த ஓரமே அங்கே இல்லை, சேறுதான் இருந்தது. அதில் மிச்சம் என்று சொல்ல, மீன் வைக்க இடமில்லை என்று என் மனைவி தினமும் திட்டிய அந்தப் பாளம் ஒன்றுதான் இருந்தது.

சம்பவ நாளன்று பெரு நாட்டோடு நம் நாட்டு அணிக்குக் கால்பந்து ஆட்டம். நகரத்தில் காற்று கெட்டுப்போனதால் யாரும் புகை போடக்கூடாது என்று அரசு அறிவித்திருந்தது. பாளத்தைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் கீழே இறங்கினேன். மச்சானின் முகத்துக்கு நேரே அதைக் காட்டி நியாயம் கேட்பதுதான் நோக்கம். என்னுடையது பழைய டீசல் வண்டி. தெருவில் நுழைந்ததும் பக்கத்து வீட்டு அம்மாள் தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

கொல்லையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சியையும் அங்கேயே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். "வாங்க மச்சான், மலையைவிட்டு சாமியே இறங்கி வந்துட்டாரே!" என்று மச்சான் ரொட்டிக்குள் தொத்திறைச்சி வைத்து என் கையில் திணித்தார். மரியாதைக்காக வாங்கிக்கொண்டேன். மரியாதைக்காக இன்னும் இரண்டும் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு கழிப்பறைக்குப் போய்த் திரும்பியபோது என் பெட்டி திறந்து கிடந்தது. பிஸ்கோ சாராயத்துக்கு ஐஸ் தீர்ந்துபோனதால் என் பாளத்தைச் சுத்தியலால் உடைத்து எல்லோர் குவளையிலும் போட்டிருந்தார்கள். "ஐஸ் கொண்டாரணும்னு தோணிச்சே அண்ணே, உனக்கு எவ்வளவு நல்ல மனசு! கொஞ்சம் மண்ணா இருக்கு, பரவால்ல" என்றாள் தங்கை. என் அப்பா நின்ற பனியை மச்சான் கடைவாயில் போட்டு நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

"உங்க புகைதான்யா அதைக் கறுப்பாக்குச்சு!" என்று கத்தினேன். அதற்கு மச்சான், "உங்க வீட்டு அடுப்புல என்ன, பூவா எரியுது? வண்டிக்குப் பன்னீரா ஊத்துறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுப்புப் புகை என்று சொன்னபோது தமாரா என் வீட்டு விறகடுப்பையும் பார்த்தார். அதை முன்பே சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அந்தக் கோபத்தில் பெட்டியில் மிச்சமிருந்த பனிநீரைக் கறியடுப்பில் கவிழ்த்தேன். சரியாக அப்போது பெருக்காரன் பெனால்டி அடிக்க ஓடிவந்தான். ஆவியிலும் சாம்பலிலும் திரை தெரியவில்லை, நாம் கோல் வாங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த கோலுக்கும் நானே காரணம் என்று புகாரில் சொல்லியிருப்பதை மறுக்கிறேன். அன்று அந்தத் தெருவில் எழும்பியதிலேயே பெரிய புகை அதுதான். ரோந்துக் காவலர்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வந்து எங்கள் இருவரையும் கூட்டிப்போனார்கள்.

அதன் பிறகு, மச்சானின் குவளையில் கரையாமல் கிடந்த கடைசித் துண்டை இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைத்து, என் புகாரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதிகாரி குவளையை மண்ணெண்ணெய்க் கணப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரி யார் என்று கேட்டார். மச்சான் பெயரைச் சொன்னேன். "உங்க பேரையும் போட்டுரலாமா?" என்றார். யோசித்துவிட்டுப் போடச் சொன்னேன். மச்சானுக்குக் கீழே.

சான்றுப் பொருள், குவளை ஒன்று, உள்ளே பனித்துண்டு என்று அதிகாரி தொடக்கத்தில் எழுதியிருந்தார். இந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டும்போது பார்த்தால் துண்டைக் காணோம், அடியில் கரி படிந்திருந்தது. மச்சானும் எட்டிப் பார்த்தார். அதிகாரி 'பனித்துண்டு' என்பதை அடித்துத் 'தண்ணீர்' என்று எழுதினார். அந்தத் திருத்தத்தின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் உண்மை. சொல்ல ஆரம்பித்தபோது அது பனியாகத்தான் இருந்தது என்பதும் உண்மை.

(ஒப்பம்) எவாரிஸ்தோ கத்தலான்