ஸ்தொயாங்காவின் வலது கை

— விரலைச் சேர்த்து வைங்க, ஸ்தொயாங்கா அம்மா. உள்ளங்கை மேசையில படியணும்.

— படிஞ்சுதான் இருக்கு, நெவெனா டாக்டர். குடைமிளகாய் சுட்டுத் தோல் உரிச்ச கை, இவ்வளவுதான் படியும்.

— ஓ, அய்வார் தொக்கு போட்டாச்சா?

— நம்ம நோவி சாத் ஊர்ல இந்த மாசம் யார்தான் போடல... உங்களுக்கும் ஒரு பாட்டில் கொண்டு வந்திருக்கேன். லஞ்சம்.

— எதுக்கு லஞ்சம்?

— இன்னிக்காவது என்னைப் பொம்பளைன்னு சொல்றதுக்கு.

— சிரிக்க வைக்காதீங்க, அளவு தப்பிடும்.

— டாக்டரம்மா... கை அளக்கற அந்த இரும்பு இடுக்கி எங்க? சில்லுன்னு இருக்குமே.

— இன்னிக்கு டேப்தான்.

— ஏன்?

— அது... சுத்தம் பண்ணப் போயிருக்கு.

— பிணத்தை ஏதும் அளந்தீங்களா அதுல?

— சேச்சே. அது உயிரோட இருக்கறவங்களுக்குன்னு தனியா இருந்தது... இருக்கு.

— சரி, சொல்லுங்க. நான் யாரு?

— அகலம் எண்பத்தாறு மில்லிமீட்டர். இந்த அகலத்துக்குக் கணக்குப்படி... ஆம்பளை.

— மறுபடியுமா.

— எல்லாருக்கும் பொருந்தாது இந்தக் கணக்கு. சிலருக்குத் தப்பும். நீங்க அந்தச் சிலர்ல ஒருத்தர்.

— அப்போ டான்யூப் ஆத்துல என் கை மட்டும் ஒதுங்கினா, ஒரு ஆம்பளையைத் தேடுவீங்க.

— முதல்ல அப்படித்தான். அப்புறம் வேற சோதனையெல்லாம் இருக்கு. பேச வேற விஷயமே கிடைக்கலையா உங்களுக்கு?

— காணோம்னு சொல்லிக்கிட்டு யார் வருவாங்கன்னு யோசிச்சேன். பையன் ஸ்வீடன்ல. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான்... ஞாபகம் இருந்தா. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும், "கொல்லனைக் கட்டிக்கிட்டேன்டா"ன்னு கூட்டாளிங்க முன்னாடியே இந்தக் கையைத் தூக்கிக் காட்டுவார். அப்புறம் விட மாட்டார். பிடிச்சுக்கிட்டேதான் உட்கார்ந்திருப்பார்.

— ...கட்டை விரலை விரிக்காதீங்க.

— அளந்ததையே அளக்கறது உங்க வழக்கம்னு சொன்னீங்களே.

— ஆமா. அளக்கறவ தடுமாறுறாளான்னு பார்க்க, அதே கையைத் திரும்பவும் அளக்கணும்.

— திரும்ப ஒரே ஒரு தடவை அளந்தா போதுமாமே?

— ...யார் சொன்னா?

— வாசல்ல உட்கார்ந்திருக்கற காவலாளி ராட்டிவோய். "ஏம்மா, அந்தக் கை அளக்கற ஆராய்ச்சி வசந்தத்துலயே முடிஞ்சாச்சு. மத்தவங்க யாரும் வர்றதில்ல. நீங்க மட்டும் எங்க போறீங்க"ன்னார். இன்னிக்கு என்னடான்னா, "இரவல் வாங்கின இடுக்கியைக்கூடப் பெட்டியில கட்டி பெல்கிரேடுக்கு அனுப்பிட்டாங்களே"ங்கறார்.

— முதல்ல எப்போ சொன்னார்?

— செர்ரி பழம் வந்த சமயம், கோடை ஆரம்பத்துல.

— அப்போலேர்ந்து தெரியுமா? ஏன் என்கிட்ட கேட்கல?

— கேட்டா, இனிமே வர வேண்டாம்னுடுவீங்க. இந்தக் கையை வேற யார் தொடறா... கடைக்காரிகூட மீதிச் சில்லறையைத் தட்டுலதான் போடறா.

— இத்தனை மாசமாவா...

— கோபமா, டாக்டரம்மா?

— இல்ல.

— கையை எடுத்துக்கட்டுமா?

— வேண்டாம். இருக்கட்டும்.

— டேப் கீழ விழுந்து கிடக்கு.

— தெரியும். எண்பத்தாறு எனக்கு மனப்பாடம், டேப்பை நான் பார்க்கறதே இல்ல. வாரம் முழுக்க நான் பிடிக்கற கையெல்லாம் பிணம் வைக்கற குளிர்பெட்டியிலேர்ந்து வர்றதும்மா... நீங்க வர்ற செவ்வாய்க்கிழமை மட்டும்தான் ஒரு கை சூடா வருது.