வியாழக்கிழமை வரை

பால் கலக்காத இந்தத் தே ஓ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சீனி மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். எனக்கு இனிப்புநீர் வியாதி இருக்கிறது.

என் பெயர் சத்தியசீலன். சிரிக்க வேண்டாம், அப்பா வைத்த பெயர். எதிரி காற்றில் கிருமியைத் தூவினால் கண்டுபிடித்து அலறும் இயந்திரத்தை எங்கள் கம்பெனி செய்கிறது. அதை அரசாங்கத்துக்கு விற்கும் பிரிவுக்கு நான் தலைவன். நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு வந்து கிருமி தூவப்போகிற எதிரி யார் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. அதிகாரிகளும் என்னிடம் கேட்டதில்லை. நல்ல வியாபாரம் அப்படித்தான் நடக்கும்.

அவர்கள் கேட்டது ஒன்றுதான். ஆய்வுக்கூடத்தில் அலறுகிறது, சரி; மக்கள் வாழும் இடத்தில் அலறுமா? வியாழக்கிழமைக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும்.

நியாயமான கேள்வி. சிரம்பான் நகரத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்றால் அங்கே வக்கீல்கள் அதிகம். அதனால் பகாவ் பக்கம், நான் பிறந்த தோட்டத்துக்கு இரண்டு ஆட்களோடு போனேன். லயத்து வரிசை வீடுகளில் முப்பது பேர்தான் மிச்சம், எல்லாரும் வயதானவர்கள். சொந்த மக்களை நம்பிப் போவதில் தவறில்லையே.

சோதனைக்கென்று ஒரு கிருமித் தூள் வைத்திருக்கிறோம். அதைத் தயாரிப்பவர் எங்கள் விஞ்ஞானி ரோகினி.

"திடமானவங்கள ஒண்ணும் செய்யாது சார். வயசானவங்க இருக்கற பக்கம் மட்டும் கொண்டு போயிராதீங்க," என்றார்.

ஆளில்லாத செம்பனைக் காட்டில் தூவப்போவதாகச் சொன்னேன். வீணாக அவர் மனம் நோகக்கூடாது.

தோட்டத்தில் கோயில் தலைவர் முருகையா எங்களை வரவேற்றார். பழைய மண்டோர், கூலிகளை மேய்த்த மேஸ்திரி. கொசுமருந்து அடிக்க வந்திருக்கிறோம் என்றேன்.

"டிங்கி காய்ச்சல் வந்து ரெண்டு பேரு படுத்தப்பகூட ஒருத்தனும் எட்டிப் பாக்கல தம்பி. நீயாச்சும் வந்தியே," என்று தன் வீட்டுச் சன்னலை அவரே திறந்துவிட்டார். "உள்ளுக்கும் நல்லா அடிங்க லா."

அடித்தோம். கோயில் வாசலில் வைத்திருந்த இயந்திரம் முனகக்கூட இல்லை. அது கண்டுபிடிக்காததை நான்காம் நாள் மயிலம்மாளின் நெஞ்சு கண்டுபிடித்தது. பிறகு லயம் முழுவதும் இருமியது.

திங்கட்கிழமை தோட்டத்துக் கிளினிக் நர்ஸ் புனிதா போன் செய்தாள்.

"அண்ணே, பதினொரு பேர பெரியாஸ்பத்திரில சேத்திருக்கு. என்னா காய்ச்சல்னே டாக்டருக்குப் புரியல. அன்னிக்கு நீங்க அடிச்சது கொசுமருந்துதானே?"

"கொசுமருந்துதான்."

"சாமி சத்தியமா?"

"பயப்படாதம்மா," என்றேன். பொய்ச் சத்தியம் செய்வது எனக்குப் பிடிக்காது.

உடனே ரோகினியிடம் கேட்டேன்: அந்தக் கிருமி உடம்புக்குள் போனால் என்ன மருந்து? எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும் ஒரு சாதாரண மருந்தின் பெயரைச் சொன்னார்.

"சீக்கிரம் குடுத்தா பொழச்சுக்குவாங்க. யாராச்சும் படுத்துட்டாங்களா சார்?"

"சேச்சே, அறிக்கைக்குத்தான்."

கொஞ்சம் என் இடத்தில் இருந்து பாருங்கள். மருந்தைச் சொன்னால் கிருமியைச் சொல்ல வேண்டும். கிருமியைச் சொன்னால் இயந்திரம் ஏன் அலறவில்லை என்றும் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு மூன்றே நாள். எங்கள் கம்பெனியை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களையும் நான் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை மயிலம்மாள் இறந்தார். புதன்கிழமை முருகையாவும் இன்னும் இருவரும்.

வியாழக்கிழமை அதிகாரிகளுக்கு முன்னால் நின்று, பகாவ் தோட்டத்து மர்மக் காய்ச்சலைப் பற்றிப் பேசினேன். என் குரல் தழுதழுத்தது, அது நடிப்பல்ல. "அங்கே எங்கள் இயந்திரம் ஒன்று இருந்திருந்தால்" என்று சொல்லி நிறுத்தினேன். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாங்குவதென்று அன்றைக்கே முடிவானது.

தூளை அடிக்கச் சொன்னது நான். இயந்திரம் ஊமையாக நின்றதை மறைத்ததும், மருந்து தெரிந்தே மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்ததும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் முடிந்த மறுநிமிடமே, விருந்துக்குக்கூடப் போகாமல், புனிதாவைக் கூப்பிட்டு மருந்தின் பெயரைச் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஏழு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், இன்ஸ்பெக்டர். நீங்கள் எழுதும் வாக்குமூலத் தாளில் அதற்கு ஓர் இடம்கூட இல்லையே.